கனிமத்தின் தோற்றத்தைச் சொல்லில் பிடிப்பது எப்படி: மிளிர்வு முதல் குறிப்பேடு வரை

பட்டு மிளிர்வு, மெழுகு மிளிர்வு, திராட்சைக் கொத்து, நாய்ப்பல், சேவல் கொண்டை. கனிமங்களின் தோற்றத்தைச் சொல்லப் புவியியலில் புழங்கும் சொற்களில் பெரும்பாலானவை இப்படி வீட்டிலும் தோட்டத்திலும் இருந்து வந்தவைதான். ஒரு கனிமத்துக்குப் புதிதாகப் பெயர் வைக்க வேண்டுமென்றால் சர்வதேச கனிமவியல் சங்கத்தின் ஒப்புதல் தேவை. தோற்றச் சொற்களுக்கு அப்படி எந்த அமைப்பும் காவல் இல்லை. ஆகவே ஒருவர் ‘பிசின் போல’ என்பதை இன்னொருவர் ‘எண்ணெய் போல’ என்பார், இருவர் எழுதியதும் தவறாக இராது. ஆனாலும் மூன்றாவது ஆள் அந்தக் குறிப்பைப் படித்து அதே கல்லை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். அதற்கு ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் கண்ணால் சரிபார்க்கக்கூடிய ஏதோ ஒன்று இருக்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ‘ஏதோ ஒன்று’ எது என்பதைப் பற்றித்தான்.

1774-இல் ஜெர்மானியக் கனிமவியலாளர் ஆபிரகாம் காட்லாப் வெர்னர் புலன்களால் அறியக்கூடிய பண்புகளை வரிசைப்படுத்தி ஒரு நூல் வெளியிட்டார். நிறம், மிளிர்வு (பரப்பு ஒளியைத் திருப்பும் விதம்), முறிவு (உடைந்த பரப்பின் தன்மை), தொட்டால் உண்டாகும் உணர்வு, மணம், சுவை வரை அந்தப் பட்டியலில் உண்டு. இன்று சுவையை விட்டுவிடுவது நல்லது. ஆர்சனிக், ஈயம், பாதரசம் கலந்த கனிமங்கள் பார்க்க அழகாகவே இருக்கும்.

முதல் படி: கல்லைத் தயார் செய்யுங்கள்

தேவையானவை மிகக் குறைவு: 10 மடங்கு பெருக்கும் கைலென்ஸ், சிறிய சுத்தியல், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, மெருகிடாத வெண்பீங்கான் துண்டு, எஃகு ஊசி, மில்லிமீட்டர் அளவுகோல், பழைய பல் துலக்கும் பிரஷ், தண்ணீர்.

கல்லின் வெளிப்புறத்தைப் பார்த்து எழுதிய குறிப்பு பெரும்பாலும் கல்லைப் பற்றியதாக இருக்காது, அதன் மேல் படிந்த துருவையும் களிமண்ணையும் பாசியையும் பற்றியதாகவே இருக்கும். ஆகவே ஒரு மூலையை உடைத்துப் புதிய முகத்தைத் திறக்க வேண்டும். பழைய முகத்தையும் விட்டுவையுங்கள், அதுவும் தகவல்தான். குறிப்பில் ‘புதுமுகம்’, ‘வெளிமுகம்’ என்று இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். நார்நாராகப் பிரியும் பச்சை, வெள்ளை, நீலச் சாம்பல் கனிமம் தென்பட்டால் உடைக்கவோ சுரண்டவோ வேண்டாம். அது கல்நாராக இருக்கலாம், அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஈரமாக்கி, பையில் இட்டு மூடி, வெளியிலிருந்தே பாருங்கள்.

உடைத்த முகத்தைக் கழுவி முழுக்கக் காய விடுங்கள். இந்தக் காய்தல் அற்பமாகத் தோன்றும், ஆனால் பாதிப் பிழைகள் இங்கேதான் தொடங்குகின்றன. ஈரக் கல்லின் மேல் தண்ணீர் மெல்லிய படலமாக நின்று நுண்ணிய மேடுபள்ளங்களை நிரப்பிவிடும், சிதற வேண்டிய ஒளி சிதறாது. அதனால் நிறம் அடர்ந்து தெரியும், மண் போன்ற மங்கல் கூடக் கண்ணாடி போலப் பளபளக்கும். ஆற்றங்கரையில் மிக அழகாக இருந்த கூழாங்கல் வீட்டுக்கு வந்ததும் சப்பென்று போவது இதனால்தான். நிறத்தை ஈரத்திலும் உலர்ந்த நிலையிலும் குறிக்கலாம். மிளிர்வை உலர்ந்த பிறகு மட்டும் எழுதுங்கள். கைவிரல் எண்ணெயும் இதே ஏமாற்றைச் செய்யும், ஆகவே பார்க்கப்போகும் முகத்தைத் தொடாதீர்கள்.

லென்ஸைக் கல்லுக்கு அருகில் வைத்துக் கண்ணைத் தூரத்தில் வைப்பது தொடக்கக்காரர்களின் பழக்கம். லென்ஸ் கண்ணோடு ஒட்டி இருக்க வேண்டும், கல்தான் லென்ஸை நோக்கி வர வேண்டும். 10 மடங்கு லென்ஸுக்குக் கல் சுமார் 25 மில்லிமீட்டர் தூரத்துக்கு வரும்போது தெளிவாகும். வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து விழட்டும். பிறகு கல்லை மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். அசையாத கல்லில் மிளிர்வு தெரியாது.

இரண்டாம் படி: மிளிர்வு

முதல் கேள்வி: உலோகமா, உலோகம் அல்லாததா? மின்னுகிறதா இல்லையா என்பதை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது. மைக்கா வெள்ளி போல மின்னும், நம் மொழியில் அதற்குக் காக்காப்பொன் என்றே பெயர், ஆனால் அது உலோக மிளிர்வு அல்ல. மெல்லிய விளிம்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒளி கடக்கிறதா என்று பாருங்கள். உலோக மிளிர்வு உள்ள கனிமம் பொதுவாக மெல்லிய விளிம்பிலும் ஒளியை விடாது, அதன் தூளும் பெரும்பாலும் கருமையாகவோ அடர் நிறமாகவோ இருக்கும். பைரைட், கலீனா, சால்கோபைரைட் இந்த வகை. இரண்டுக்கும் நடுவே நிற்பவை உண்டு: குரோமைட், வோல்ஃப்ரமைட், கருத்த ஸ்பாலரைட். இவற்றுக்கு ‘அரை உலோக மிளிர்வு’ என்று எழுதலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

உலோகம் அல்லாத மிளிர்வுகளுக்குக் காரணம் தெரிந்தால் சொல் தடுமாறாது. இரண்டு காரணங்கள்தான்: கனிமம் ஒளியை எவ்வளவு வளைக்கிறது, அதன் பரப்பு எப்படிப்பட்டது.

கனிமம் ஒளியை வளைக்கும் அளவே ஒளிவிலகல் எண். அது ஏறத்தாழ 1.4 முதல் 1.8 வரை உள்ள கனிமத்தின் வழவழப்பான முகம் கண்ணாடி போல மிளிரும். குவார்ட்ஸின் எண் சுமார் 1.54, ஃபுளோரைட்டினது 1.43, இரண்டுமே ‘கண்ணாடி மிளிர்வு’. எண் 1.9-ஐத் தாண்டினால் பரப்பிலிருந்து திரும்பும் ஒளி கூடும், ஒரு கூர்மையான தகதகப்பு வரும். அதுதான் ‘வைர மிளிர்வு’. வைரம் 2.42, சிர்க்கான் சுமார் 1.92 முதல், ஸ்பாலரைட் 2.37. வைர மிளிர்வு என்றால் கல் நிறமற்றதாக இருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். தேன் நிற ஸ்பாலரைட்டும் பழுப்புக் கேசிடரைட்டும் அப்படி மிளிர்பவைதான்.

உயர்ந்த ஒளிவிலகலோடு மஞ்சள், பழுப்பு நிறமும் ஓரளவு ஒளிகடத்தலும் சேர்ந்தால் ‘பிசின் மிளிர்வு’ என்போம். மரத்தில் வடிந்து உறைந்த பிசினை நினைத்துக்கொள்ளுங்கள். கந்தகமும் வெளிர்நிற ஸ்பாலரைட்டும் சரியான எடுத்துக்காட்டுகள். ஆம், ஸ்பாலரைட் இங்கும் வருகிறது. ஒரே கனிமம் மாதிரிக்கு மாதிரி வேறு மிளிர்வு காட்டும், அதனால்தான் நூலில் உள்ளதை எழுதாமல் கண்ணில் பட்டதை எழுதச் சொல்கிறோம்.

இனி பரப்பினால் வருபவை. ‘எண்ணெய் மிளிர்வு’ என்பது பரப்பில் உள்ள நுண்ணிய சொரசொரப்பாலும் உள்ளே நிறைந்த மிக நுண்ணிய பொதிவுகளாலும் (சிக்கிய வேறு பொருள்களாலும்) வருவது. நெஃபிலின் கனிமத்திலும் பால்நிறக் குவார்ட்ஸின் முறிந்த முகத்திலும் காணலாம். கல் உலர்ந்துதான் இருக்கும், எண்ணெய் தடவி லேசாகத் துடைத்தது போலத் தெரியும். ‘மெழுகு மிளிர்வு’ அதைவிட அடங்கியது, ஒளிப்புள்ளி கூர்மையாக இல்லாமல் பரவி நிற்கும். சால்செடனி, செர்பென்டைன் இவற்றில் மிகத் தெளிவு. இந்த இரண்டையும்தான் ஆட்கள் அதிகம் குழப்புகிறார்கள். ஒரு சோதனை உதவும்: ஒற்றை விளக்கின் பிம்பத்தைக் கல்லில் பாருங்கள். பிம்பத்தின் ஓரம் கலங்கி, ஆனாலும் பிரகாசமாக இருந்தால் எண்ணெய். பிம்பமே இல்லாமல் ஒரு மென்மையான ஒளித்திட்டு மட்டும் இருந்தால் மெழுகு. அப்போதும் ஐயம் தீரவில்லையா? ‘மெழுகு–எண்ணெய்’ என்று சேர்த்தே எழுதுங்கள்.

‘முத்து மிளிர்வு’ பிளவுத்தளங்களோடு, அதாவது கனிமம் இயல்பாகத் தட்டையாகப் பிரியும் தளங்களோடு பிறந்தது. முகத்துக்கு இணையாக உள்ளே அடுக்கடுக்காகப் பிளவுகள் திறந்திருக்கும்போது ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் ஒளி திரும்பி, ஆழத்திலிருந்து வருவது போன்ற வெண்மையான பளபளப்பு உண்டாகும். டால்க், மைக்கா, ஸ்டில்பைட் இதற்குப் பேர்போனவை. அப்போஃபிலைட்டில் அடிப்பிளவு முகம் முத்தாகவும் மற்ற முகங்கள் கண்ணாடியாகவும் மிளிரும். ஆகவே எந்த முகம் என்று குறிப்பிடாமல் ‘முத்து மிளிர்வு’ என்று எழுதினால் பாதிதான் எழுதியதாகும்.

‘பட்டு மிளிர்வு’ இணையான நார்களால் வருவது. கல்லைச் சாய்க்கும்போது நார்களுக்குக் குறுக்காக நிற்கும் ஓர் ஒளிப்பட்டை நகர வேண்டும். நகரவில்லை என்றால் அது பட்டு அல்ல. நார் ஜிப்சம் இதற்கு நல்ல பாடம்: அதே ஜிப்சத்தின் பெரிய பிளவு முகம் முத்தாகவும், மற்ற படிக முகங்கள் கண்ணாடியாகவும் இருக்கும். ஒரு கனிமம், மூன்று மிளிர்வு.

மீதமுள்ளது ‘மண் மிளிர்வு’, அதாவது மிளிர்வே இல்லாமை. கயோலினைட் கட்டி, மென்மையான ஹேமடைட். துகள்கள் மிக நுண்ணியவை என்பதால் ஒளி எல்லாத் திசையிலும் சிதறிவிடுகிறது.

மூன்றாம் படி: ஒளி எவ்வளவு உள்ளே போகிறது

அச்சிட்ட எழுத்தின் மேல் வைத்துப் படிக்க முடிந்தால் ‘தெளிவு’. ஒளி வருகிறது, எழுத்து தெரியவில்லை என்றால் ‘கசிவு’. எதுவும் வரவில்லை என்றால் ‘ஒளிபுகாதது’. இதைத் தடிமனோடு சேர்த்து எழுத வேண்டும்: ‘3 மி.மீ. விளிம்பில் ஒளி கசிகிறது’. கருப்பாகத் தெரியும் பல கனிமங்கள் விளிம்பில் அடர்பச்சையாகவோ செம்பழுப்பாகவோ கசியும், ஒரு சில நொடி விளக்கருகே பிடித்தால் போதும்.

பால்நிறம், புகைநிறம், மேகமூட்டம் போன்ற சொற்களும் இங்கேதான் வரும். பால்நிறக் குவார்ட்ஸ் வெண்மையாக இருப்பது அதில் சிக்கிய எண்ணற்ற நுண்ணிய திரவக் குமிழ்களால். புகைநிறக் குவார்ட்ஸில் அப்படி எதுவும் இல்லை. அதன் அமைப்பில் சிலிக்கானுக்குப் பதிலாகச் சிறிதளவு அலுமினியம் புகுந்து, இயற்கைக் கதிரியக்கம் பட்டு நிறம் வந்தது. பால்நிறம் ஒளியைச் சிதறடிக்கிறது, புகைநிறம் உறிஞ்சுகிறது. அதனால் புகைக்கல் கருத்திருந்தாலும் தெளிவாக இருக்கலாம், பால்கல் வெளிறியிருந்தாலும் தெளிவாக இருக்காது. ரத்தினக்கல் பார்ப்பவர்கள் கல்லின் தெளிவையும் ஒளியோட்டத்தையும் சேர்த்து ‘நீரோட்டம்’ என்பார்கள். அழகான சொல், ஆனால் புவியியல் குறிப்பில் அதைப் பிரித்துத் தெளிவு எவ்வளவு, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதுவதே பயன்படும்.

அசையும் ஒளிகளையும் இங்கே குறித்துவிடலாம். பூனைக்கண் ஒளி இணையான நார்களாலோ ஊசிப் பொதிவுகளாலோ வரும் ஒற்றைக் கோடு. லாப்ரடோரைட்டின் நீலப் பச்சைச் சுடர் அதனுள் இருக்கும் மிக மெல்லிய அடுக்குகளில் ஒளி குறுக்கிடுவதால் வருவது, கனிமத்தின் சொந்த நிறம் சாம்பல்தான். ‘நீல ஃபெல்ட்ஸ்பார்’ என்று எழுதிவிட்டால் படிப்பவர் வேறு கல்லைத் தேடுவார்.

நான்காம் படி: நிறமும் உரைகீற்றும்

நிறத்துக்கு எப்போதும் இரண்டு சொல் வையுங்கள், அடர்த்தி முன்னால், நிறம் பின்னால்: வெளிர் பச்சை, அடர் செம்பழுப்பு. ‘அழகிய பச்சை’ என்பது எதையும் சொல்லாது. நிற அட்டை கையில் இருந்தால் நல்லது. மன்செல் அட்டையில் நிறவகை, வெளிர்மை, செறிவு மூன்றும் எண்களாக இருப்பதால் ஆளுக்கு ஆள் மாறாது.

உலோக மிளிர்வுள்ளவற்றின் வெளிநிறத்தை நம்பாதீர்கள். ‘மயில் தாது’ என்று சொல்லப்படும் போர்னைட்டை உடைத்தால் உள்ளே செம்பு கலந்த பழுப்பு. காற்றுப் பட்டதும் ஊதா, நீலமாக மாறும். அந்த மயில் நிறம் மேற்படலம் மட்டும். சால்கோபைரைட்டுக்கு அமிலம் பூசி அதே வண்ணங்களை வரவழைத்து மயில் தாது என்று விற்பதும் உண்டு. ஒரு மூலையைச் சுரண்டினால் உள்ளே பித்தளை மஞ்சள் தெரிந்துவிடும்.

பொன்னைச் சோதிக்க உரைகல் இருப்பது போல, கனிமத்துக்கு மெருகிடாத பீங்கான். அதில் தேய்த்தால் விழும் தூளின் நிறமே உரைகீற்று. ஹேமடைட் எஃகுச் சாம்பலாக மின்னினாலும், மண்கட்டியாக இருந்தாலும் கீற்று செம்பழுப்பு. மேக்னடைட்டுக்குக் கருப்பு. கோதைட்டுக்கு மஞ்சள் பழுப்பு. பைரைட் பார்க்கப் பொன்னாக இருந்தும் பசுங்கருப்பு, உண்மையான பொன்னோ பொன்னிறக் கீற்றே தரும். பீங்கானின் கடினம் மோஸ் அளவில் (1 முதல் 10 வரையுள்ள கடின அளவை) ஏறத்தாழ 6.5 முதல் 7. அதைவிடக் கடினமான கார்னெட், பெரில் போன்றவற்றைத் தேய்த்தால் பீங்கான்தான் தூளாகும். அந்த வெள்ளைப் பொடியைக் ‘வெள்ளைக் கீற்று’ என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. விரலால் துடைத்துப் பாருங்கள். அடியில் பள்ளமான கீறல் இருந்தால் அது பீங்கானின் தூள்.

ஐந்தாம் படி: ஒற்றைப் படிகத்தின் வடிவம்

முதலில் மூன்று திசை அளவுகளைப் பாருங்கள். மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றானால் ‘சமபரிமாணம்’, கார்னெட் போல. ஒன்று மட்டும் நீண்டால் ‘பட்டகம்’, மேலும் மெலிந்தால் ‘ஊசி’, அதையும் தாண்டினால் ‘மயிரிழை’. நேட்ரோலைட் ஊசி, மில்லரைட் மயிரிழை. ஒன்று மட்டும் குறுகினால் ‘பலகை’, இன்னும் மெலிந்தால் ‘தகடு’, தகடுகள் உரிந்து வந்தால் ‘இதழ்’. மூன்றும் வேறுவேறானால் ‘கத்தி அலகு’. கயனைட் அப்படித்தான் வளரும், அதன் கடினமும் நீளவாக்கில் 4.5–5, குறுக்கில் 6.5–7 என்று மாறும்.

பட்டகம் எங்கே முடிந்து ஊசி எங்கே தொடங்குகிறது என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லை கிடையாது. ஆகவே சொல்லோடு விகிதத்தையும் போடுங்கள்: ‘ஊசி, 12 × 0.5 மி.மீ.’ இந்த ஒரு பழக்கம் பாதி வாதங்களைத் தீர்த்துவிடும்.

உவமைப் பெயர்களில் சில மிகத் துல்லியமானவை. ‘நாய்ப்பல்’ என்றால் கால்சைட்டின் கூர்ந்த ஸ்கேலனோஹெட்ரான் (சமமற்ற பக்கங்களுள்ள முக்கோண முகங்கள் கொண்ட வடிவம்). ‘ஆணித்தலை’ என்றால் அதே கால்சைட்டின் பட்டகம், மேலே தட்டையான ராம்போஹெட்ரான் (சாய்சதுர முகங்கள் கொண்ட வடிவம்) மூடி. ‘புத்தகம்’ என்றால் மைக்காவின் தடித்த அடுக்குக் கட்டி. ‘புனல் படிகம்’ என்றால் விளிம்புகள் விரைவாக வளர்ந்து முகங்களின் நடுப்பகுதி பின்தங்கி, படிக்கட்டாகக் குழிந்தது, ஹாலைட்டில் உண்டு. இந்தச் சொற்களைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஒன்றே ஒன்றைத்தான் குறிக்கின்றன.

இனி, படிக முகமா, பிளவு முகமா என்பதைப் பிரித்தாக வேண்டும். பிளவு திரும்பத் திரும்ப வரும்: கீழே கீழே இணையான படிகள் தெரியும், கல்லைச் சாய்த்தால் எல்லாப் படிகளும் ஒரே நேரத்தில் பளிச்சிடும். படிக முகம் ஒருமுறைதான் வரும், உடைத்தால் உள்ளே அதற்கு இணையான முகம் கிடைக்காது. வளர்ச்சிக் கோடுகளும் உதவும். பைரைட் கனசதுரத்தில் ஒரு முகத்தின் கோடுகள் அடுத்த முகத்தின் கோடுகளுக்குச் செங்குத்து. குவார்ட்ஸ் பட்டகத்தில் கோடுகள் குறுக்கே ஓடும். டூர்மலினில் நீளவாக்கில் ஓடும், வெட்டுமுகம் உப்பிய முக்கோணம். ஆனால் பிளாஜியோகிளேஸில் காணும் நேர்த்தியான மெல்லிய கோடுகள் பிளவு முகத்திலேயே தெரிபவை, அவை இரட்டைப் படிகத்தால், அதாவது ஒரே கனிமம் திசை மாறி மாறி ஒட்டி வளர்ந்ததால் வந்தவை. கோடு என்று மட்டும் எழுதாமல் எந்த முகத்தில், எந்தத் திசையில் என்று எழுதுங்கள்.

ஒரு பொறியையும் சொல்லிவிட வேண்டும். பழுப்பான கனசதுரம் கண்டதும் பைரைட் என்று எழுதுவார்கள். தேய்த்தால் மஞ்சள் பழுப்புக் கீற்று வரும். பைரைட் கரைந்து, அதன் வடிவத்தில் கோதைட் குடியேறியிருக்கிறது. வடிவம் ஒன்று, பொருள் வேறு. குறிப்பில் ‘பைரைட் வடிவில் கோதைட்’ என்று இருக்க வேண்டும்.

ஆறாம் படி: கூட்டமாக நிற்கும்போது

இயற்கையில் தனிப் படிகத்தைவிடக் கூட்டமே அதிகம், சொற்களும் இங்கே பெருகிக் கிடக்கின்றன.

வட்டமான புடைப்புகளின் வரிசை ஒன்று உண்டு: திராட்சைக் கொத்து, சிறுநீரகம், முலை. நூல்களில் போட்ரியாய்டல், ரெனிஃபார்ம், மாமில்லரி என்று வருபவை இவைதான். வேறுபாடு புடைப்பின் அளவில் மட்டும், மூன்றும் ஒரே வளர்ச்சியின் விளைவுகள். பல புள்ளிகளிலிருந்து நார்கள் கதிராக வெளிநோக்கி வளர்ந்து, பக்கத்துக் கதிரோடு முட்டி நிற்கும்போது வெளியே கோளப் புடைப்பு உருவாகும். ஆகவே மேற்பரப்பை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். உடைந்த வெட்டில் கதிர் நார்களும் வெங்காயத் தோல் போன்ற வளையங்களும் இருக்கிறதா பாருங்கள். ஹேமடைட், கோதைட், மலாக்கைட், சால்செடனி எல்லாம் இப்படி வளரும். புடைப்பின் விட்டத்தை மில்லிமீட்டரில் எழுதிவிட்டால் எந்தச் சொல் என்ற கவலை வேண்டாம். ‘திராட்சைக் கொத்து’ என்றதும் இன்ன கனிமம் என்று முடிவுகட்டுவதுதான் ஆபத்து.

பிளவுப் பரப்பில் கருப்பாகப் பரவும் செடி உருவங்கள் ‘மரக்கிளை வடிவம்’. இவற்றைப் புதைபடிவத் தாவரம் என்று எண்ணி மகிழ்பவர்கள் ஏராளம். உண்மையான இலையில் நரம்பு ஓர் ஒழுங்கில் மெலியும், காம்பு இருக்கும், தடிமன் இருக்கும். மரக்கிளைப் படிவு விரிசலின் ஓரத்திலிருந்து கிளம்பி உள்நோக்கிப் பிரிந்துகொண்டே போகும், வெறும் கறை போல மெல்லியது. இவற்றைப் பைரோலுசைட் என்று நீண்டகாலம் பெயரிட்டு வந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் பார்த்தபோது பெரும்பாலும் வேறு மாங்கனீசு ஆக்சைடுகளாக இருந்தன. ‘மாங்கனீசு ஆக்சைடு, மரக்கிளை வடிவம்’ என்பது பாதுகாப்பான குறிப்பு.

பொந்தின் சுவரில் சிறு படிகங்கள் நெருக்கமாகப் போர்த்தியிருந்தால் அது ‘ட்ரூஸி’, படிகப் போர்வை. பாறையில் உள்ள வெற்றிடம் ‘பொந்து’. உருண்டை முழுதாகத் தனித்து வந்து உள்ளே கூடாக இருந்தால் ‘ஜியோடு’. எரிமலைப் பாறையின் வாயுக் குமிழ் பின்னர் கனிமத்தால் நிரம்பியிருந்தால் ‘அமிக்டியூல்’. இந்த நான்கில் முதலாவது தோற்றம், மற்றவை இடம். ‘ட்ரூஸி ஜியோடு’ என்று சேர்த்து எழுதலாம், ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எழுதக் கூடாது.

சேவல் கொண்டை என்றால் தட்டைப் படிகங்கள் விளிம்பு வெளியே தெரிய வரிசையாக நிற்பது, மார்கசைட்டிலும் பேரைட்டிலும் காணலாம். ரோஜா என்றால் தட்டுகள் ஒரு மையத்தைச் சுற்றி இதழ்களாக வெட்டிக்கொள்வது, மணலில் வளரும் ஜிப்சமும் பேரைட்டும் அப்படி. மீன்முட்டை போன்ற உருண்டைகள் 2 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் ஊலைட், மேலே இருந்தால் பிசோலைட் வகை. இது ஒன்றுக்குத்தான் எண்ணாலான எல்லை உறுதியாக இருக்கிறது. தேன்கூட்டைப் போல மெல்லிய சுவர்கள் மட்டும் எஞ்சி நடுவே காலியான பழுப்புக் கல் ‘பெட்டிச் சட்டகம்’. கந்தகத் தாதுக்கள் கரைந்துபோய், விரிசல்களில் படிந்த இரும்பு ஆக்சைடு நின்றுவிட்டது என்பதற்கு அது அடையாளம். தாது தேடுபவர்கள் அதைக் கண்டால் நின்று பார்ப்பார்கள்.

‘சர்க்கரை மணி’ என்றால் சம அளவுள்ள, கோத்துக்கொண்ட மணிகள், ஒவ்வொன்றின் பிளவும் தனித்தனியே பளிச்சிடும். பளிங்குக் கல்லின் புதுமுகத்தில் பாருங்கள். ‘திரள்’ என்ற சொல்லில் மட்டும் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் மாசிவ் என்பதற்கு ஈடாக இது வரும். பெரியது என்றோ, படிக அமைப்பே இல்லாதது என்றோ பொருள் அல்ல. தனித்தனிப் படிக வடிவம் கண்ணுக்குத் தெரியவில்லை என்பது மட்டும்தான். லென்ஸில் பார்த்துவிட்டு ‘கண்ணுக்குத் திரள், லென்ஸில் 0.2 மி.மீ. மணிகள்’ என்று எழுதினால் முழுமை.

ஏழாம் படி: ‘பை’ போன்ற பொதுப் பெயர்களைப் பிரித்து வையுங்கள்

சில பெயர்கள் கனிமத்தின் பெயர் போலவே ஒலிக்கும், உண்மையில் அவை தோற்றப் பெயர்கள். களத்தில் எது என்று பிரிக்க முடியாத நுண்கலவையை ஒரு பையில் போட்டுக் கட்டிய பெயர்கள்.

லிமோனைட் என்றால் மஞ்சள் பழுப்பு நிற நீரேறிய இரும்பு ஆக்சைடுகள், பெரும்பங்கு கோதைட். வாட் என்றால் கையைக் கருக்கும் மென்மையான மாங்கனீசு ஆக்சைடுகள், அதுவே கடினமாக இருந்தால் சைலோமெலேன். பாக்ஸைட் கனிமமே அல்ல, கிப்சைட், போமைட், டயாஸ்போர் கலந்த பாறை. செரிசைட் என்பது பட்டுப்போல் மிளிரும் மிக நுண்ணிய வெண்மைக்கா. லூக்காக்சீன் என்பது இல்மனைட் மாறிப்போய் எஞ்சும் வெளிறிய டைட்டானியப் பொருள். இடிங்சைட் என்பது ஒலிவினின் ஓரத்தில் தெரியும் செம்பழுப்பு மாற்றப் பொருள், உள்ளே கோதைட்டும் களிமண் கனிமங்களும்.

இவற்றைத் தவிர்க்கச் சொல்பவர்கள் உண்டு. தவிர்க்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஆய்வுக்கூடம் பார்க்காத மாதிரிக்குக் ‘கோதைட்’ என்று எழுதுவது பொய்த் துல்லியம், ‘லிமோனைட்’ என்பது நேர்மை. எக்ஸ்-கதிர் விளிம்பு விலகல் ஆய்வு (படிக அமைப்பைக் காட்டும் சோதனை) வந்த பிறகு பழைய பெயரை அழிக்காமல் அருகில் புதியதைச் சேருங்கள்.

நுண்ணோக்கியின் கீழும் இதே கதைதான். 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்த பாறை மென்தகட்டில் ஃபெல்ட்ஸ்பார் ‘தூசி படிந்தது’ என்பது மாற்றத்தால் வந்த நுண்பொதிவுகளும் துளைகளும். குறுக்குத் துருவத்தில் (ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு ஒளி வடிகட்டிகளுக்கு நடுவே பார்க்கும்போது) மைக்ரோக்ளைனின் கட்டம்போட்ட துணி, மைக்காவின் பறவைக்கண், குவார்ட்ஸின் அலையும் ஒளிமறைவு (தகட்டைச் சுழற்றும்போது மணி ஒரே நேரத்தில் இருளாமல் அலையாக இருள்வது) எல்லாம் நிலைபெற்ற சொற்கள். ஒன்று கவனியுங்கள்: தூசி என்று எழுதும் முன் தகட்டை நகர்த்திப் பாருங்கள். நகராமல் அதே இடத்தில் நிற்கும் தூசி லென்ஸின் மேல் இருக்கிறது.

எட்டாம் படி: குறிப்பை எழுதுதல்

வரிசை மாறாமல் இருப்பது நல்லது: முகம், நிறம், மிளிர்வு, ஒளிகடத்தல், வடிவமும் அளவும், கூட்டம், பிளவும் முறிவும், கீற்று, கடினம், அளவுப்பங்கு (பாறையில் அந்தக் கனிமம் எத்தனை விழுக்காடு). பெயர் கடைசியில். பெயரை முதலில் எழுதியவர் பிறகு அந்தப் பெயருக்கு ஏற்பவே பார்ப்பார், இது அனுபவசாலிகளுக்கும் நேரும்.

‘பளபளப்பான கருப்புக் கனிமம், இரும்புத் தாது’ என்ற குறிப்பைத் திருத்தினால் இப்படி வரும்: ‘புதுமுகம் எஃகுச் சாம்பல், உலோக மிளிர்வு, வெளிமுகம் செம்பழுப்பு, மண் மிளிர்வு. விளிம்பிலும் ஒளி புகவில்லை. தகடுகள், 2–6 மி.மீ. அகலம், 0.5 மி.மீ.க்கும் குறைவான தடிமன், ஒன்றோடொன்று பின்னியவை. பிளவு இல்லை. கீற்று செம்பழுப்பு. காந்தம் இழுக்கவில்லை. பாறையில் ஏறத்தாழ 15%. ஹேமடைட், மின்னும் தகட்டு வகை.’ நீளம்தான், ஆனால் இதில் எந்தச் சொல்லை எடுத்தாலும் ஒரு தகவல் குறையும்.

அளவுப்பங்கில் கண் ஏமாற்றும். வெளிர் பாறையில் சிதறிய கருங்கனிமத்தை அநேகமாக எல்லோரும் கூட்டியே மதிப்பிடுகிறார்கள். விழுக்காடுகளைக் காட்டும் ஒப்பீட்டுப் படத்தை அருகில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது 10 × 10 கட்டமிட்ட ஒளிபுகும் தாளைக் கல்லின் மேல் வைத்துக் கோடுகள் சந்திக்கும் இடத்தில் என்ன இருக்கிறது என்று எண்ணுங்கள். ‘நுண்மணி’, ‘பருமணி’ என்பவற்றுக்குத் துறைக்குத் துறை எல்லை மாறுவதால் மில்லிமீட்டர் கட்டாயம்.

படம் எடுத்தால் அளவுகோல் படத்துக்குள் இருக்கட்டும், ஒரே முகத்தை ஒளியின் கோணம் மாற்றி இரண்டு முறை எடுங்கள். பட்டும் முத்தும் ஒற்றைப் படத்தில் சிக்காது.

எழுதி முடித்தபின் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. அந்தக் கல்லை அதே நிறமுள்ள வேறு நான்கு கற்களோடு கலந்து வைத்து, குறிப்பை மட்டும் இன்னொருவரிடம் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். தவறான கல்லை எடுத்தால் எந்தச் சொல்லை நம்பி எடுத்தார் என்று கேளுங்கள். அந்தச் சொல்லின் பக்கத்தில் ஓர் அளவையோ, முகத்தின் பெயரையோ, கோணத்தையோ சேர்த்துவிட்டு மறுபடி கொடுத்துப் பாருங்கள்.